அக்கா வீட்டைக் கவிழ்த்த நாள்

“ஐயோ, கவுந்துருச்சுடா!”

கத்திய வேகத்தில் அக்கா மவுஸை விட்டுவிட்டுக் கையைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். கிளாஸை உடைத்துவிட்ட பிள்ளை முழிக்குமே, அந்த முழி.

திரையில் அவளுடைய வீடு தலைகீழாக நின்றது. நீலத் தகரக் கூரை கீழே, தரை மேலே. வாசற்படி இரண்டும் ஆகாயத்தில் தொங்கின. சுற்றிலும் ஒன்றுமில்லாத வெறும் சாம்பல் நிறம்.

நான் பிளான் வரைகிற மென்பொருளில் ஒரு வீட்டை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். தலைகீழாகவும் திருப்பலாம். அந்த வசதியை யார், எதற்காக வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அந்த ஆள் எதிரில் வந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பதுளையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது என் அலுவலகம். அலுவலகம் என்று சொல்வது நான் மட்டும்தான். ஊருக்கு அது ‘பிளான் கடை’. வீடு கட்டப்போகிறவர்களுக்குப் பிளான் வரைந்து, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு.

எனக்கு ஒரே அக்கா, தங்கமணி. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். அன்றைக்குக் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுக்காமல், மச்சானையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள். தோட்டத்தில் மேட்டுப் பக்கமாக அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை கல் வைக்க நாள் பார்த்தாயிற்று. கொழும்பிலிருக்கும் மகன் மற்ற ஏற்பாடெல்லாம் செய்துவிட்டான். பிளானைப் பார்த்து அக்கா ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான்தான் கெடுத்தேன். “நீயே சுத்திப் பாருக்கா” என்று மவுஸை அவள் கையில் கொடுத்தது நான்தான்.

“வேணாண்டா,” என்றாள் அக்கா, திரையைப் பார்க்காமல். “எனக்கு இந்த வீடு வேணாம்.”

ஒரு முகம் மட்டும் உள்ள வீடு

இந்த இடத்தில் கொஞ்சம் வேறு பேச்சு. போன வாரம் இந்தப் பத்தியில் பஸ் பிரயாணத்தைப் பற்றி எழுதப்போய் நடுவில் நெல்லிக்காய் அச்சாறு பக்கம் போய்விட்டேன் என்று என் மனைவி குறைப்பட்டாள். இந்த வாரமும் அவளுக்கு அந்தச் சிரமம் இருக்கும்.

என் கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்களிடம் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். வீடு எப்படி வேண்டும் என்று கேட்டால் முன்பக்கத்தை மட்டும்தான் சொல்வார்கள். நடுவில் கதவு, ரெண்டு பக்கமும் ஜன்னல், மேலே சாமி படம் வைக்க ஒரு மாடம், முன்திண்ணை இஸ்தோப்பில் ரெண்டு தூண். தூணுக்குப் பூ வேலை. கதவுக்கு என்ன நிறம் என்பதுவரை சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

“பின்பக்கம்?” என்பேன்.

“பின்பக்கம் என்னாங்க?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

மடுல்சீமையிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதிக்கு நான் வீட்டைத் திரையில் மெல்லத் திருப்பிக் காட்டியபோது, அந்த அம்மா, “இது யாரு வீடு?” என்று கேட்டார். “உங்க வீடுதாங்க, பக்கவாட்டுல” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்ப முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, தூணையும் கதவையும் காட்டி, மறுபடி மெதுவாகத் திருப்பின பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

சிரித்துவிட்டுப் போக எனக்கு வாய் வராது. நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்தான். லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். எங்கள் லயத்தின் முதுகு மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகமொத்தம் வீட்டுக்கு ஒரு முகம்தான். ஒரு கதவுதான். தன் வீட்டைச் சுற்றி வருவது என்கிற காரியத்தை என் அப்பா ஆயுளில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. செய்ய வழியே கிடையாது.

லயத்தை நினைத்து உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதட்டும். பக்கத்து வீட்டு இருமல் சத்தத்தில் பரீட்சைக்குப் படித்தவனுக்கு அந்த உருக்கம் வராது.

அக்காவும் போனில் முன்பக்கத்தைத்தான் சொன்னாள். பின்னால் ஒரு கதவு வைக்கிறேன் என்றதற்கு ஒற்றைக் காலில் நின்று மறுத்தாள். “பின்கதவெல்லாம் எதுக்குடா? யாரு வர்றா, யாரு போறான்னே தெரியாது. வீடுன்னா ஒரு கதவு. அதுல பூட்டு. அவ்வளவுதான்.” சரி, கட்டப்போகிறவள் அவள். பின்சுவரை வெறுஞ்சுவராகவே வரைந்து வைத்திருந்தேன். வரையும்போது முணுமுணுத்தேன் என்பதை மறைக்கவில்லை.

மவுஸ் பிடித்த கதை

முதன்முதலில் நான் மவுஸ் பிடித்ததும் பதுளையில்தான். கடைத்தெருவுக்குப் பின்னால், சுவரெல்லாம் ஈரம் ஊறிய ஓர் அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. ஒரு மிஷினுக்கு ரெண்டு பேர். என் கூட்டாளி நிமல், சிங்களப் பையன், என் வயசுதான். அவனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் சுத்தமாக இல்லை. ஆனாலும் சண்டை போட மட்டும் எந்த மொழியிலும் சிரமப்பட்டதில்லை.

அந்தக் கால மவுஸுக்கு வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். தூசி சேர்ந்துவிட்டால் திரையில் அம்பு நொண்டும். உருண்டையைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கிற அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து மறுபடி போடுவோம். அந்த அழுக்கை உருட்டி நிமல் என் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவான்.

ஒரு நாள் திரையில் ஒரு பெட்டி. நெருப்புப் பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து இழுத்தேன். பெட்டி திரும்பியது. ஒரு பக்கம் மறைந்து, மறைந்திருந்த பக்கம் வந்தது. தட்டையான கண்ணாடிக்குள் ஒரு பொருளுக்குப் பின்பக்கம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. எட்டிக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்த்தேன். நிமல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு அவன் முறை வந்தபோது, நான் கவனிக்கவில்லை என்று நினைத்து அவனும் பின்னால் எட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிமல் வீட்டில் தங்கினேன். அவன் அம்மா போட்ட பலாக்காய்க் கறியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எவ்வளவு சந்தோஷமான நாள் அது.

மாட்டுப் பட்டி

அக்கா ‘வேணாம்’ என்றதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெறும் படம். ஒரு சொடுக்கில் நிமிர்ந்துவிடும். நிமிர்த்தியும் காட்டினேன். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“படம்தானக்கா.”

“படத்துலயே நிக்காத வீடு மலையில நிக்குமாடா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். மச்சான் என் முழங்கையைத் தொட்டு, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கு முந்தின மழைக்காலம் எங்கள் பக்கத்தில் யாரும் சுலபமாக மறக்கிற மழைக்காலம் இல்லை. நாள் கணக்கில் விடாமல் ஊற்றியது. ஒரு மத்தியானம் லயத்தின் கோடியில் மேடு சரிந்தது. சத்தம் லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி இருந்ததாம். எல்லோரும் இருக்கிறதைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். கடவுள் புண்ணியத்தில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. மறுநாள் அக்கா திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். அவளுடைய மாட்டுப் பட்டி இருந்த இடத்தில் இல்லை. கீழே, தேயிலைக்கு நடுவில், கூரை மண்ணில் புதைந்து, நாலு காலும் ஆகாயத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கிடந்தது. மாடு மட்டும் தப்பித்து, கோயில் பக்கமாக நின்று எவருடைய வாழை இலையையோ மென்றுகொண்டிருந்ததாம்.

மாட்டைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பாள். பட்டியைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்திவிடுவாள்.

அந்தச் சரிவினால்தான் மேட்டுக் காணியே கிடைத்தது. இடத்தை அதிகாரிகள் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கல் வைத்தால் தீபாவளிக்கு முன்னால், மழை பிடிப்பதற்குள், கூரை ஏறிவிடும். தள்ளிப்போட்டால் இன்னொரு மழைக்காலம் முழுக்க அக்காவும் மச்சானும் லயத்தில், அந்தச் சரிந்த மேட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். அதுதான் என் பயம். அப்படிப்பட்ட நேரத்தில் அவளுக்கு நான் காட்டியது கவிழ்ந்துபோன வீடு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிளேன்டியும் பலா மரமும்

கீழே ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு வடையும், பால் ஊற்றாத பிளேன்டியும். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுக்கா நாங்க மழையில நின்னு பறிக்கிறோம்?” என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அதைச் சொன்னதே எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

“நீங்க சொல்லுங்க மச்சான்” என்றேன்.

“நா என்னத்தச் சொல்ல? அவ சரின்னா சரி.” முப்பது வருஷத்துக்கு மேலாக மச்சான் இந்த ஒரே பதிலை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்.

மேலே வந்ததும், போகிற அவசரத்தில் பையை எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: “ஆமா, எங்கடா பலா மரம்?”

காணியின் பின்கோடியில் ஒரு பலா மரம் நிற்கிறது. அதை நான் வரையவில்லை. மரத்தை மட்டுமா, மண்ணையே வரையவில்லை. அவசரத்தில் வீட்டை மட்டும் போட்டு, வெறும் சாம்பல் நிறத்தில் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்தால் எவருக்கும் கவிழ்கிற வீடாகத்தான் தெரியும்.

“உக்காருக்கா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

உட்கார்ந்து மண்ணைப் போட்டேன். சரிவு, அதை வெட்டிச் சமப்படுத்தின இடம், பின்னால் கல் கட்டு, ரோட்டுக்கு இறங்குகிற படி. பின்கோடியில் ஒரு மரம். என்னிடம் இருந்தது மாமரப் படம்தான். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. தூரத்தில் நமுனுகுல மலையை ஒரு குத்துமதிப்பாக வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் வந்ததும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினேன். வீடு திரும்பியது. அதோடு மண்ணும் மரமும் மலையும் சேர்ந்து திரும்பின.

“பாரு, இப்பவும் சுத்துது” என்றாள்.

“அக்கா, நீ காலைல பஸ்ல வரும்போது நமுனுகுல மலை எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“ஒரு வளைவுல இந்தாண்ட. இன்னொரு வளைவுல அந்தாண்ட. எறங்கும்போது பின்னால.”

“மலை ஓடிக்கிட்டா இருந்துச்சு?”

“கிறுக்கா. பஸ்ஸுதான் சுத்திச் சுத்தி வருது.”

“இதுவும் அப்படித்தாங்க்கா. வீடு அசையல. மரம் எங்க நின்னுச்சோ அங்கதான் நிக்குது பாரு. நாமதான் சுத்திப் போறோம்.”

இத்தனை வருஷமாக, வருகிறவர்களிடமெல்லாம் ‘வீட்டைத் திருப்பிக் காட்டுறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த நிமிஷத்துக்கு முன் இதை நானே நினைத்ததில்லை. அவசரத்தில் வாயில் வந்ததுதான். சொன்ன பிறகு சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அக்கா மரத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப சித்த முன்னால கவுந்துச்சே?”

“நாமதான் கவுந்தோம்.”

“நாமளா?”

“ஆமா. நீ, நான், மச்சான், மூணு பேரும்.”

அவள் மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். வேட்டியும் துண்டுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தாளோ என்னவோ, ‘க்ளுக்’ என்று சிரித்துவிட்டாள். ஆரம்பித்தால் அக்காவுக்குச் சிரிப்பு நிற்காது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மச்சான் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

வலம்

“குடு இங்க” என்று மவுஸை அவளே இழுத்துக்கொண்டாள்.

நடுவில் இருக்கிற சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல், பட்டும் படாமலும் அதன்மேல் நின்றது. மேலே கீழே போகாமல் இருக்க அந்த வழியை நான் பூட்டிவிட்டேன். இனிப் பக்கவாட்டில் மட்டும்தான் போகலாம். இந்தப் புத்தி காலையிலேயே வந்திருக்க வேண்டும்.

நான் பழக்கதோஷத்தில், “இடது பக்கமா இழுக்கா” என்றேன்.

அவள் கொஞ்சம் இழுத்தாள். நிறுத்தினாள்.

“இது இடஞ்சுத்துறதுடா. வீடு நம்ம சோத்தாங்கைப் பக்கம்ல இருக்கணும்?”

கோயிலைச் சுற்றுகிறவர்கள் சந்நிதி வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரிதான் வருவார்கள். இடமாகச் சுற்றுவது நல்லதல்ல என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வீட்டை வலம் வர வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளர் எனக்கு அவள்தான் முதல்.

“அப்ப சோத்தாங்கைப் பக்கமா இழு” என்றேன்.

இழுத்தாள். முன்வாசல் நகர்ந்து, இடப்பக்கச் சுவர் வந்தது. மேசை விளிம்பு வந்ததும் மவுஸோடு கீழே போகப் பார்த்தாள். தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினேன். தூக்கி வைத்தாள். சமையலறை ஜன்னல் வந்தது. பிறகு பின்பக்கம் வந்தது. வெறுஞ்சுவர். அதற்கு எதிரே கொஞ்சம் மண் தரை, கல் கட்டு, மரம்.

அங்கேயே நின்றுவிட்டாள்.

கீழே பஸ்காரர்கள் ‘பண்டாரவளை, பண்டாரவளை’ என்று கத்துகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவை ‘வேணாம்’ என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“ஏங்க,” என்றாள் மச்சானிடம், “பின்னால இவ்வளவு எடம் கெடக்குது பாருங்க.”

“ம்.”

“பட்டி இங்கன போடலாம். மாட்டுக்கும் நெழல் கெடைக்கும்.”

“போடலாம்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். காலையில் வேணாம் என்றவளின் குரலா அது என்று இருந்தது. அதட்டலாகவே கேட்டாள்.

“என்னாடா வரைஞ்சிருக்க? இங்கேருந்து மரத்துக்குப் போகணும்னா வீட்டையே சுத்திட்டா வரச்சொல்ற? ஒரு கதவு போட வேணாமா?”

பின்கதவு வேண்டாம் என்று சொன்னது யார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்சுவரில் ஒரு கதவு போட்டேன். நிறம் கேட்டேன். முன்கதவுக்கு என்ன நிறமோ அதே நிறம் என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் மவுஸை விடவில்லை. மூன்று சுற்று வந்தாள். முதல் சுற்றில் இழுத்து இழுத்து. மூன்றாவது சுற்றில், கொழுந்துக்குப் போகிற கை என்று சொல்ல முடியாது, அவ்வளவு நிதானம். முடித்ததும் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மச்சானும் போட்டுக்கொண்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் போட்டுக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று

வெள்ளிக்கிழமை கல் வைத்தார்கள். வீடு கட்டின மேசன் பாஸ் சொன்ன நாளில் எதுவும் முடியவில்லை என்றாலும் தீபாவளிக்கு முன்னால் கூரை ஏறிவிட்டது. நீலத் தகரம்தான்.

பால் காய்ச்சிய அன்று விடியக்காலையிலேயே தூறல். மலை மேகத்துக்குள் இருந்தது. புதுச் சிமெந்து வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தன. வாசலில் மாவிலை கட்டி, கோலம் போட்டு, பூசாரி குடத்தோடு நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, காலை எடுத்து வையுங்கள் என்றார்.

“கொஞ்சம் இருங்க சாமி” என்றாள் அக்கா.

பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். வலக்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே போனாள். மச்சானும் பின்னால் போனார். பக்கச் சுவரின் முடிவில் ரெண்டு பேரும் திரும்பினார்கள். கண்ணுக்கு மறைந்துபோனார்கள்.

நாங்கள் முன்பக்கத்தில் நின்றோம். பூசாரி வானத்தைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருத்தர் சொந்த வீட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பக்கென்றுதான் இருந்தது. சிரிப்பாகவும் இருந்தது. அப்பா இதைப் பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

அந்தப் பக்கத்து மூலையிலிருந்து அக்கா வெளிப்பட்டாள். தலையில் தூறல். பாதம் முழுக்கச் செம்மண். வலது உள்ளங்கையில் சுவரின் சுண்ணாம்பு வெள்ளையாக அப்பியிருந்தது. நேரே என்னிடம் வந்து அந்தக் கையை விரித்துக் காட்டினாள்.

“அசையலடா தம்பி” என்றாள்.

பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.